மலை ரோட்டுல நான் அடிச்ச லைட்டு

ஈர நாய் வாசனை.

அந்த வாடகை காரை நினைச்சாலே முதல்ல அதுதான் வருது. எனக்கு முன்னாடி எடுத்தவங்க நாயோட ஊர் சுத்தியிருக்கணும். கண்ணாடியை இறக்கினா மழை, ஏத்தினா நாய்... மழையே பரவாயில்லைன்னு நனைஞ்சுக்கிட்டே ஓட்டினேன்.

ஆபீஸ் வேலையா கொஞ்ச மாசம் ஸ்காட்லாந்துல இருந்தப்போ நடந்தது. செஞ்சியில என்கூட படிச்ச ஸ்டெல்லா, அங்க மலைக்கு நடுவுல ஒரு சின்ன ஊர்ல நர்ஸ். அவ பொண்ணுக்கு ஞானஸ்நானம், நான்தான் ஞானத்தாய். ஞாயித்துக்கிழமை காலையில பூசை. அன்னிக்கு அந்த ஊருக்கு பஸ்ஸே கிடையாது. நான் போகலைன்னா புள்ளைய ஏந்தி நிக்க ஆள் இல்ல.

லைசென்ஸ் இருந்துச்சு, தைரியம்தான் இல்ல. அதுவரைக்கும் ஒத்தையா கார் ஓட்டினதே கிடையாது. எப்பவும் பக்கத்துல நைனா உக்காந்து, இல்லாத பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வருவார்.

கிளம்பறப்போ போன் பண்ணார்.

"பதமா போம்மா. வளைவு வந்தா ஆரன் அடிச்சிக்கினே போ."

அந்த ஊர்ல ஆரன் அடிச்சா வம்புக்கு இழுக்கிறாங்கன்னு நினைச்சுக்குவாங்க. அதை அவர்கிட்ட சொல்லி டென்ஷன் ஏத்துவானேன்னு விட்டுட்டேன்.

செஞ்சிக்காரிக்கு மலை புதுசான்னு கேப்பீங்க. எங்க மலையெல்லாம் ரோட்டோரமா சும்மா நிக்கும், அண்ணாந்து பார்த்துட்டு நம்ம பாட்டுக்கு போயிடலாம். அங்க ரோடே மலை மேல ஏறுது. ஒரே ஒரு வண்டி போற அகலம். இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம், பள்ளத்துக்குக் கீழ ஏரி. எதிர்ல வண்டி வந்தா ஒதுங்கறதுக்கு அங்கங்க துளி இடம் விட்டிருந்தாங்க.

மாதாவே, எதிர்ல யாரும் வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டே போனேன்.

வந்துச்சு. ஒரு பச்சை ஜீப்.

மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்துல, ஸ்பெஷல் பஸ்ஸுங்களுக்கு நடுவுல நைனாவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு வண்டி ஓட்டிப் பழகின கை இது. தானா ரெண்டு தடவை லைட் அடிச்சுது. நம்ம ஊர்ல அதுக்கு ஒரே அர்த்தம்தான்... 'நான் வரேன், நீ நில்லு.'

ஜீப் நிக்கல. திரும்ப அடிச்சேன். இன்னும் வேகமா வந்துச்சு. நான் அடிக்க அடிக்க அது கிட்ட வருது. கடைசியில ரெண்டு வண்டியும் முட்டிக்காத குறையா மூஞ்சிக்கு மூஞ்சி நின்னுச்சு.

அதுலேருந்து எங்க அம்மா வயசுல ஒரு லேடி இறங்கி வந்தாங்க.

"நீதானேம்மா என்னை வரச் சொன்னே?"

"நானா? உங்களை நிக்கச் சொன்னேங்க."

அவங்களுக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியல. அப்புறம் ஜீப்பு மேல கை வெச்சுக்கிட்டு சிரிச்சாங்க பாருங்க... அங்க லைட் அடிச்சா 'நீங்க முதல்ல வாங்க'ன்னு மரியாதையாம். நான் விடாம மரியாதை பண்ணியிருக்கேன், அவங்களும் தட்டாம வந்திருக்காங்க.

எனக்கு ரிவர்ஸ் வராதுன்னு உண்மையைச் சொன்னேன். ஸ்டெல்லா, குழந்தை, பூசை எல்லாத்தையும் மூச்சு விடாம சொன்னேன். ஸ்வெட்டருக்குக் கீழ தெரிஞ்ச என் பட்டுப்புடவையை ஒரு பார்வை பார்த்துட்டு, போய் ஜீப்புல ஏறி, அந்த வளைவு முழுக்க ரிவர்ஸ்லயே போனாங்க. ஒதுங்கி நின்னு லைட் அடிச்சாங்க.

இந்தத் தடவை அர்த்தம் புரிஞ்சுது. போனேன்.

சர்ச்சுல எல்லாரும் காத்துக்கிட்டிருந்தாங்க. ஸ்டெல்லா ஓடி வந்து கையைப் புடிச்சா.

"இன்னாடி இவ்ளோ நேரம்? நீ வராம தண்ணி ஊத்தக் கூடாதுன்னு சாமியார்கிட்ட சண்டை போட்டுக்கினு இருக்கேன்."

குழந்தையை வாங்கினேன். கை கிடுகிடுன்னு நடுங்குது. ஞானத்தாய்க்கு எவ்ளோ பக்தின்னு சாமியார் உருகிட்டார். ஸ்டியரிங் புடிச்ச நடுக்கம்னு நானும் சொல்லிக்கல.

இப்போ செஞ்சியில சொந்தக் கார் இருக்குது. திண்டிவனம், திருவண்ணாமலைன்னு ஒத்தையாவே போயிட்டு வரேன். நைனா டீவியிலேருந்து கண்ணை எடுக்காம "சாப்ட்டு போ"ங்கறதோட சரி. பயமே இல்ல, நல்லாதான் இருக்குது.

ஆனா அன்னிக்கு மழைக்கு நடுவுல அந்த சர்ச்சு சிலுவை தெரிஞ்சப்போ, காருக்குள்ள தனியா உக்காந்து "வந்துட்டேன்டி ஸ்டெல்லா"ன்னு சத்தமா அழுதேன், சிரிச்சேன். இப்பல்லாம் எங்க போனாலும் வண்டியை நிறுத்தறேன், பூட்டறேன், இறங்கிடறேன்... அவ்ளோதான்.