கிரவுஸ் சுட எந்தத் துப்பாக்கி? ரூவைஸிலிருந்து ஒரு சனிக்கிழமைப் பயணம்

சென்ற பிப்ரவரியில் எங்கள் சம்பந்தியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி வந்தது: "நீங்கள் எந்தத் துப்பாக்கியில் சுடுவீர்கள்?"

விளக்கிவிடுகிறேன். சம்பந்தி ஸ்காட்லாந்துக்காரர். அவர் மகனுக்கும் எங்கள் மகளுக்கும் ஆகஸ்டில் அங்கே கல்யாணம். அதே வாரம், பன்னிரண்டாம் தேதி, கிரவுஸ் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. கிரவுஸ் நம் கவுதாரியைவிடக் கொஞ்சம் பெரிய பறவை. மலைப்புதரிலிருந்து எழுந்து தாழ்வாக, மிக வேகமாகப் பறக்கும். கல்யாணத்துக்கு முன் வீட்டுக்கு ஒருவராக நின்று அதைச் சுடுவது அவர்கள் குடும்ப வழக்கமாம். நாம் தாம்பூலத் தட்டு மாற்றிக்கொள்கிறோம், அவர்கள் சுடுகிறார்கள். துப்பாக்கியை அவரே தருவார். எது என்று மட்டும் நாங்கள் சொல்லவேண்டும்.

"ஞாயிற்றுக்கிழமைக்குள் உறுதிசெய்கிறேன்" என்று பதில் அனுப்பினேன். சம்பந்தி கேட்ட முதல் கேள்விக்கே பெண் வீட்டார் தப்பாகப் பதில் சொன்னால், பிறகு ஆயுள் முழுக்கச் சரியாகச் சொன்னாலும் எடுபடாது.

நான் அபுதாபிக்கு மேற்கே, ரூவைஸில் எண்ணெய் ஆலைக்கு பம்ப் வாங்கித் தரும் பிரிவில் இருக்கிறேன். எதையும் அட்டவணை போடாமல் தேர்ந்தெடுத்ததில்லை. விலை, எடை, பராமரிப்பு, எத்தனை தோட்டா போகும் என்று வரிசையிட்டுப் பார்த்ததில், தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் வகை எல்லா வரிசையிலும் வென்றது. விலை குறைவு, தோள் இடி குறைவு, மற்றவற்றில் இரண்டு தோட்டா என்றால் இதில் மூன்று. பம்பாக இருந்திருந்தால் அன்றே ஆர்டர் போட்டிருப்பேன். ஒருமுறை சுட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வோம் என்றுதான் கிளம்பினோம்.

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். துபாயைத் தாண்டிப் பாலைவனத்தில் இருக்கும் அந்தப் பயிற்சிக் களம் எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர். வழியில் ஒரு டீ, இரண்டு திர்ஹம். அதற்குப் பிறகு ஜெபல் அலி துறைமுகத்தின் கிரேன்கள் கண்ணில் படும்வரை ரசிப்பதற்கு எதுவுமில்லை, வேகக் கேமராக்களைத் தவிர.

"ஏனுங்க, சுட்டதை அவங்க சமைச்சுப் போட்டா?" என்றாள் வாணி, என் மனைவி.

"சம்பந்தி வீட்ல போட்டதைச் சாப்பிடறதுதான் மரியாதை."

"சாப்பிடறது இருக்கட்டும். மொதல்ல விழணுமில்லீங்க?"

ஒன்பதரைக்குச் சேர்ந்தோம். எமிரேட்ஸ் ஐடி காட்டவேண்டும், மூடிய ஷூ கட்டாயம். இயந்திரம் வீசும் இருபத்தைந்து மண்தட்டுகள், துப்பாக்கி, தோட்டா, பயிற்சியாளர் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 220 திர்ஹம். பயிற்சியாளர் ரிஸ்வான், இலங்கையில் கல்முனைக்காரர். என் அட்டவணையை மரியாதையாக முழுவதும் படித்தார்.

"நல்லா செஞ்சிருக்கிறீங்க அண்ணன். ஆனா வேட்டைக்கு இது சரிவராது."

"ஏன்? மூணு தோட்டா இருக்கே."

"இரட்டைக்குழல மடிச்சு வச்சா, தோட்டா இல்லையெண்டு பக்கத்துல நிக்கிறவருக்குத் தெரியும். இதுல தெரியாது. பக்கத்துல ஆரு நிப்பாங்க?"

"சம்பந்தி."

"அப்ப யோசிங்க."

யோசித்தேன். அட்டவணையில் சம்பந்திக்கு வரிசை இல்லை. அவரது நிம்மதிக்காக, குழல்கள் மேலும் கீழுமாக அமைந்த 12 போர் இரட்டைக்குழலுக்கு மாறினேன். இங்கே ஒரு குறிப்பு: போர் (bore) என்பது சண்டை அல்ல, குழலின் அளவு; எண் கூடினால் குழல் சிறுக்கும், மின்கம்பியின் கேஜ் மாதிரி. 12 பெரியது, 20 சிறியது.

நான் சுட்ட இருபத்தைந்தில் இரண்டு தட்டுகள் உடைந்தன. ஒன்று கீழே விழுந்து உடைந்ததாக வாணி சொல்கிறாள்.

ரிஸ்வான் என்னை இரண்டு கண்ணையும் திறந்து தூரத்துக் கம்பத்தை விரலால் சுட்டச் சொன்னார். பிறகு இடது கண்ணை மூடச் சொன்னார். கம்பம் விரலைவிட்டு நகர்ந்தது. "உங்களுக்குக் கை வலது, கண் இடது அண்ணன். வலது தோள்ல வச்சு இடது கண்ணால பாத்தா வெடி விலகித்தான் போகும். ஒரு கண்ணைக் கட்டிப் பழகலாம், மாசக்கணக்காகும்." ஐம்பத்து மூன்று வயதில், என் இடது கண் இத்தனை ஆண்டுகளாக நிர்வாகம் செய்து வந்தது தெரியவந்தது.

"நானும் ஒருக்கா சுட்டுப் பாக்கட்டுங்களா?" என்று வாணி கேட்டாள்.

12 போரைத் தூக்கிய உடனே கீழே வைத்தாள். தோளில் பதியும் மரக்கட்டை நீளம், எடை அதிகம். ரிஸ்வான் அவளுக்கு ஒரு 20 போர் கொடுத்தார்: கட்டை பதின்மூன்றரை அங்குலம், கன்னம் தானாகப் போய் உட்காரும் உயரம். முதல் மூன்று தட்டுகள் தப்பின. நான்காவது காற்றிலேயே பொடியானது. மொத்தம் பதினான்கு உடைந்தன.

"அக்கா, இதுக்கு முந்தி சுட்டிருக்கிறீங்களா?"

"இல்லீங்க தம்பி. தட்டு போற எடத்தைப் பாத்தேன், கை தானாப் போச்சு. இவரு துப்பாக்கியையே பாத்துட்டு நின்னாரு."

ரிஸ்வான் சிரிக்காமல் இருக்க மிகவும் உழைத்தார். எனக்கு வருத்தம் இல்லை. பக்கத்து வரிசையில் நின்ற அரபுக் குடும்பம் கைதட்டியபோது, அவள் என் மனைவி என்று அவர்களிடம் நானே போய்ச் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

போக நினைப்பவர்களுக்கு: முன்பதிவு அவசியம், வெயிலுக்கு முந்திய காலை நேரம் நல்லது. கிரவுஸுக்கு, சட்டென்று தோளுக்கு வரும் இலகுவான இரட்டைக்குழல் போதும். போர் எண்ணைவிட முக்கியம் கட்டை உங்கள் உடம்புக்குப் பொருந்துவது. எந்தக் கண் உங்களை ஆள்கிறது என்பதை 350 கிலோமீட்டர் ஓட்டுவதற்கு முன், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஆளுக்கும் பணம் கட்டுங்கள். எங்கள் வீட்டில் அந்த 220 திர்ஹம்தான் உருப்படியான செலவு.

ஞாயிறு காலை, சொன்னபடி சம்பந்திக்கு எழுதினேன்: "20 போர், இரட்டைக்குழல், கட்டை பதின்மூன்றரை அங்குலம். எங்கள் வீட்டின் சார்பாகச் சுடுபவர், பெண்ணின் தாயார்."

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "மிக்க மகிழ்ச்சி. பெண்ணின் தந்தை?"

இதற்கு அட்டவணை தேவைப்படவில்லை. "அவர் பக்கத்தில் நின்று பெருமைப்படுவார்" என்று அனுப்பினேன்.

"நிற்கிற இடத்தில் ஈரம் அதிகம்" என்று எழுதியிருந்தார் சம்பந்தி. "உங்கள் பூட்ஸ் அளவு சொல்லுங்கள்."