வாய் திறக்காதவனுக்கு ஒரு ஓட்டு

வெர்னா ஹாஸ்டெட்டர் எங்கள் ஊரில் பேர் எடுத்த ஆள் ஒன்றும் இல்லை. மாவட்ட மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் படுக்கை விரிப்புகளைத் தேய்த்தார். ரயில்வேயில் வேலை பார்த்த கணவர் ஆர்வில் இறந்தபின் கோழி வளர்த்தார். வியாழக்கிழமை பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் ஆடப் போவார், சுமாராக ஆடுவார். தேவாலய விருந்துக்கு அவர் கொண்டுவரும் ‘ஆப்பிள் பை’ பலகாரம் அடியில் சொதசொதவென்று இருக்கும். முகதாட்சண்யத்துக்காக ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொள்வோம். அவரைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றே ஒன்றுதான். 1974 நவம்பரில் ஒரு வழக்கில் அவரோடு ஜூரியில் உட்கார்ந்த பதினோரு பேரில், அவரை அதிகமாகத் திட்டியவன் நான்.

டெல்பர்ட் ஸ்காக்ஸ் என்பவன் மேல் தீவைப்பு வழக்கு. கென்டக்கி மாநிலத்திலிருந்து வந்து மர அறுவை மில்லில் வேலை பார்த்தவன், வயது இருபத்துநான்கு. மில் முதலாளி அவனோடு சண்டை போட்டு வேலையை விட்டு விரட்டிய மூன்றாம் நாள் மரக்கிடங்கு எரிந்துபோனது. அன்று மாலை அந்தச் சாலையில் அவன் நடந்து போனதைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்தது. குற்றம் உறுதியானால் பத்து வருடம்வரை சிறை கிடைக்கலாம்.

இரண்டு நாள் விசாரணையில் அவன் சாட்சிக் கூண்டில் ஏறவே இல்லை. எல்லாவற்றையும் வக்கீலே பேசினார். கடைசியில் நீதிபதி எங்களைப் பார்த்து, “அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தத்தின்படி தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அவர் பேசாமல் இருந்ததை நீங்கள் எந்த விதத்திலும் கணக்கில் எடுக்கக் கூடாது” என்று வாசித்தார். பன்னிரண்டு பேரும் ஒழுங்காகத் தலையாட்டினோம்.

அன்று புதன்கிழமை, மறுநாள் நன்றித் திருநாள், வீட்டுக்கு வீடு வான்கோழி விருந்து. யார் வீட்டில் என்ன வேலை கிடக்கிறது என்ற நினைப்போடுதான் அறைக்குள் போனோம். முதல் ஓட்டில் பதினோரு பேர் ‘குற்றவாளி’. வெர்னா மட்டும் இல்லை என்றார். பன்னிரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்தால்தான் வீட்டுக்குப் போக முடியும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “செய்யாதவன்னா எந்திரிச்சு ‘நான் செய்யலை’ன்னு சொல்ல வேண்டியதுதானே? ரெண்டே வார்த்தை! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கான்?”

“அதைத்தான் பாக்கக் கூடாதுன்னு ஜட்ஜ் சொன்னாரே, லோவெல்” என்றார் வெர்னா.

“அவர் சொல்லுவாரு, அது அவர் வேலை. நமக்கு மனசுன்னு ஒண்ணு இல்லையா?”

“உன் மனசுக்குப் படுதுங்கறதுக்காக அவன் பத்து வருஷம் உள்ள கெடக்கணுமா?”

எதிரே இருந்த மாக்சீனுக்குப் பொறுக்கவில்லை. “எனக்குப் பதினாறு பேருக்குச் சமைக்கணும், வெர்னா. இன்னும் வான்கோழிக்கு உப்புகூடத் தடவலை. உனக்கென்ன, கோழிங்கதானே காத்துட்டிருக்கும்?”

வெர்னாவின் முகம் சிவந்துபோனது. அந்தப் பேச்சு அவரைச் சுட்டுவிட்டது, எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து மேசை நடுவே வைத்தார். “சரி, ஆளுக்கு ஒரு சீட்டு எடுங்க. அவன் குத்தவாளின்னு நீங்க நெனைக்கறதுக்கு முதல் காரணம் எதுவோ, அதை மட்டும் எழுதுங்க. பேர் வேணாம்.”

எங்கள் ஜூரித் தலைவர் க்ளென், தீவனக் கடைக்காரர். சீட்டுகளைத் தன் தொப்பியில் வாங்கி ஒவ்வொன்றாக வாசித்தார். முதல் சீட்டு: ‘வாயே திறக்கவில்லை.’ இரண்டாவது: ‘நிரபராதி என்றால் பேசியிருப்பான்.’ மூன்றாவதும் அதே. பதினொன்றில் ஏழு அப்படியே இருந்தன. மற்ற நான்கில் இரண்டு தீப்பெட்டி, ஒன்று சாலை, ஒன்று முதலாளியோடு போட்ட சண்டை.

க்ளென் ஏழு சீட்டையும் தனியே ஒதுக்கினார். “கோர்ட்டுல தலையை ஆட்டிட்டு வந்து என்ன பண்ணிருக்கோம் பாருங்க. இதுல ஒண்ணு நான் எழுதினது” என்றார்.

“தீப்பெட்டி எம்புருஷன் பையிலயும்தான் இருக்கு,” என்று மாக்சீன் முணுமுணுத்தாள். “கோழி பத்திப் பேசினதை மனசுல வச்சுக்காத, வெர்னா.”

அதன்பின் மூன்று தடவை ஓட்டெடுத்தோம். வீம்புக்காகக் கடைசிவரை நின்றவன் நான்தான். “எனக்கு இன்னும் அவன் மேல சந்தேகம் போகலை” என்றேன்.

“நிச்சயமா தெரியுமா?” என்று கேட்டார் வெர்னா.

“தெரியாது.”

“அப்புறம் என்னப்பா!”

ஆறு மணிக்கு ‘குற்றவாளி அல்ல’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம். டெல்பர்ட் நடைவழியில் நின்றிருந்தான், பக்கத்தில் அவன் தாய். வெர்னாவைப் பார்த்து வாயைத் திறந்தான். “ந... நன்... நன்...” கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டான். தாடை நடுங்கியது. வார்த்தை மட்டும் வரவில்லை.

“பொறந்ததுலேருந்தே இப்படித்தாங்க,” என்றாள் தாய். “பயந்துட்டா இன்னும் மோசம். கூண்டுல ஏறி இப்படித் தெணறினா, பொய் சொல்றான்னு நெனைச்சுடுவாங்கன்னு வக்கீலு வேணாம்னுட்டாரு.”

எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. அவன் ஏறியிருந்தால் முதல் ஆளாக அப்படி நினைத்திருப்பவன் நான்.

“இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” என்று வெர்னாவின் காதருகே கேட்டேன்.

“அய்யோ, தெரியாதே!” என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

பிறகு டெல்பர்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டார். அவன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி முடிக்கும்வரை அவசரப்படாமல் நின்றார்.