வெட்டினாலும் போகாத எழிலரசி

மேனாம்பேட்டில் மல்லிகை அடுக்ககம் எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். கோமளா மேடம் இருக்கிற பிளாட் என்றால் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். குறைந்தபட்சம் கோமளா அப்படித்தான் நம்பிவந்தாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பர்சனல் டிபார்ட்மென்டில் இருந்து, யார் லேட்டு, யார் லீவு என்று பார்த்துப் பார்த்தே ஓய்வு பெற்றவள் அவள். ஓய்வு பெற்ற பிறகும் பார்க்கிற பழக்கம் போகவில்லை. பிளாட் சங்கத்துக்குச் செயலாளர் ஆனாள். மோட்டார் எப்போது போடுவது, குப்பையை எப்படிப் பிரிப்பது, மாடியில் யார் கொடியில் யார் துணி காய்வது, எல்லாம் அவள் கண் பார்வையில்தான். இது போக, பொங்கலோ சுதந்திர தினமோ எது வந்தாலும் போனைத் தூக்கிக்கொண்டு படம் எடுப்பதும் அவளே. அந்தக் கட்டடத்தின் சரித்திரம் தன் கையில் இருப்பதாக அவளுக்கு ஒரு பெருமிதம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் விஷ்ணு, தான் புதுசு வாங்கியதும் பழைய லேப்டாப்பை அம்மாவுக்குக் கொடுத்தான். "போட்டோ எல்லாத்தையும் இந்த லைப்ரரில ஏத்திடும்மா. தொலையவே தொலையாது" என்று சொல்லிக்கொடுத்தான். அவளும் ஏற்றினாள். மற்றவர்கள் போன் உடைந்தது, படம் போயிற்று என்று புலம்பும்போதெல்லாம் கோமளா இரக்கத்தோடு தலையை ஆட்டுவாள்.

படத்தின் ஓரத்தை வெட்டுவதையும் மகன்தான் வீடியோ காலில் கற்றுக்கொடுத்தான். "வெட்டினாலும் ஒரிஜினல் உள்ளேயே இருக்கும்மா, எப்ப வேணும்னாலும்…" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள், "சரி சரி, புரிஞ்சுது" என்று வைத்துவிட்டாள். அவளுக்கு வெட்டத் தெரிந்தால் போதுமாக இருந்தது. வெட்ட வேண்டிய ஆள் ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

கீழ்வீட்டு எழிலரசி. அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் பேசினால் மூன்று மாடிக்கும் மைக் வேண்டாம். அவளும் கோமளாவும் ஒரே தட்டில் சாப்பிடாத குறையாகத்தான் இருந்தார்கள். பொங்கல் விழாவில் பெண்களுக்கு மியூசிக்கல் சேர் வைத்தார்கள். நடுவர் எழிலரசி. பாட்டு நின்றபோது கோமளாவும் மூன்றாம் மாடி ஸ்வாதியும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்தார்கள். எழிலரசி குனிந்து பார்த்துவிட்டு, "கோமு, உன்னிது வெளிய கீது. நீ அவுட்டு" என்று தீர்ப்புச் சொன்னாள். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். குழந்தைகள் அதையே ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்ற பிறகு பழைய படங்களைப் பார்த்தால், எதைத் திறந்தாலும் நடுவில் எழிலரசி நிற்கிறாள். கோமளா வெட்டத் தொடங்கினாள். எழிலரசியை எடுக்கப் போய், குழுப் படத்தில் தலைவர் பச்சையப்பனுக்கு ஒரு தோள் போயிற்று. சுதந்திர தினத்தில் கொடி போய்க் கம்பம் மட்டும் நின்றது. எல்லாவற்றையும்விட வெள்ளப் படங்கள்தான் பாடாய்ப் படுத்தின. அந்த டிசம்பர் வெள்ளத்தில் எழிலரசி நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் அன்னக்கூடை நிறையப் பால் பாக்கெட்டை இழுத்து வந்து வீடு வீடாகக் கொடுத்தாள். கோமளா அதை முதல் மாடி பால்கனியிலிருந்து படமெடுத்தாள். இப்போது அவளை வெட்டியதில், தண்ணீரில் ஓர் அன்னக்கூடை, அதன் விளிம்பில் ஒரு கை, அவ்வளவுதான் மிச்சம். கையையும் வெட்டினால் கூடை போய்விடும். போனால் போகட்டும், கை யாருடையது என்று யார் கேட்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

சங்கத்துக்குப் பத்தாண்டு நிறைவு வந்தது. படங்களும் கட்டுரையுமாகச் சிறப்பு மலர் ஒன்று போடுவதென்று கூட்டத்தில் முடிவானது. பொறுப்பு யாருக்கு என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கோமளா கட்டுரை எழுதினாள், படம் தேர்ந்தெடுத்தாள், ஒவ்வொன்றுக்கும் கீழே வாசகம் எழுதினாள். அன்னக்கூடைப் படத்துக்கு, 'தன்னலம் கருதாத தொண்டு' என்று எழுதிவிட்டு, அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாள்.

முகப்பேரில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் முகமது ஆசிக், பூந்தமல்லிக்காரன். பக்கம் வடிவமைக்கும் வேலை அவனுக்கு. லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துப் போனாள். ஆசிக் மெயிலில் படத்தை இணைக்கப் பார்த்தான். போல்டருக்குள் போனால் படங்கள் இல்லை. லைப்ரரி என்ற பெயரில், எல்லாப் படத்தையும் சேர்த்து அடைத்ததுபோல் ஒரே ஓர் உருண்டை இருந்தது. அதைத் தொட்டால் திறக்காமல் மங்கலாக நின்றது. வேறு சாப்ட்வேரிலிருந்து திறந்து பார்த்தான். அதிலும் அதே உருண்டைதான்.

"இன்னா மேடம், அல்லாத்தயும் உள்ள போட்டு பூட்டிக்கினு கீறீங்க?"

"பத்திரமா இருக்கட்டும்னுதான்."

"பத்திரமாத்தான் கீது. நம்மளாலயே எடுக்க முடியல."

கடையில் தேநீர் குடிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் திரையையே போனில் படம் பிடித்துவிடலாம் என்றார். கடைசியில் ஆசிக் அந்த உருண்டையின்மேல் மவுஸின் வலப் பொத்தானை அமுக்கி, 'உள்ளே இருப்பதைக் காட்டு' என்பதைத் தேர்ந்தெடுத்தான். காட்டியது. உள்ளே போல்டருக்குள் போல்டர். படங்களின் பெயர்களோ எண்ணும் எழுத்துமாகத் தலைகால் புரியாமல் நீண்டன. ஆனால் மேலே போல்டரின் பெயர் தெளிவாக இருந்தது.

"ஒரிஜினல்ஸ்னு போட்டுகீது பாருங்க மேடம்! இத்தயே எத்துக்கலாம். குவாலிட்டி தூளா வரும்."

கோமளாவுக்குத் திருப்தியாக இருந்தது. டூப்ளிகேட் எதுவும் அவளுக்குப் பிடிக்காது. ஆசிக் அத்தனையையும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டான். எந்தப் பக்கத்துக்கு எந்தப் படம் என்று வாயாலேயே சொன்னாள்: அட்டையில் குழுப் படம், வெள்ளத்துக்கு அன்னக்கூடை. புரூப் வந்தபோது படம் இருக்க வேண்டிய இடங்களில் கட்டம் மட்டுமே இருந்தது. "படத்தப் போட்டா பைலு கனமாய்டும் மேடம், அப்பால போட்டுக்கலாம்" என்றான். கோமளா எழுத்துப் பிழை பார்த்தாள். ஒற்றுப் பிழைகூட விடாமல் பார்த்தாள்.

விழா மொட்டை மாடியில். பச்சையப்பன் வண்ணக் காகிதத்தைப் பிரித்து மலரைத் தூக்கிக் காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். கோமளாவும் தட்டினாள். தட்டிய கை பாதியில் நின்றது. அட்டைப் படத்தின் நட்டநடுவில் எழிலரசி நின்றாள், பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டு. டைமர் வைத்துவிட்டு ஓடிவந்த கோமளா ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில், கண்ணை மூடியபடி இருந்தாள்.

பரபரவென்று புரட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் எழிலரசி. கொடி பறந்தது, கொடிக்குக் கீழே எழிலரசி. வெள்ளத்தில் முழு எழிலரசி, அவளுக்குக் கீழே, 'தன்னலம் கருதாத தொண்டு'.

பச்சையப்பன் தன் இரண்டு தோள்களையும் பார்த்த சந்தோஷத்தில் மைக்கைப் பிடித்தார். "நம்ம கோமளா மேடமும் எழிலரசியும் பேசிக்கிறதில்லன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா பாருங்க, சொந்த வருத்தத்தை ஓரமா வெச்சுட்டு, உழைச்சவங்களை நடுவுல வெச்சு, தன்னை ஓரத்துல வெச்சிருக்காங்க. இந்த மனசு யாருக்கு வரும்?"

முன்வரிசையில் இருந்த ஸ்வாதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோமளாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். வியர்த்துக் கொட்டியது. அவள் இரு கைகளையும் கூப்பி நின்றாள். அது அடக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

மறுநாள் காலையில் அழைப்புமணி அடித்தது. எழிலரசி கையில் மலரோடு நின்றாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து கோமளா முகத்தைப் பெருந்தன்மையாக வைத்துக்கொண்டாள்.

"ஏண்டி கோமு, உனக்கு மனசாட்சி கீதா? வாயப் பொளந்துகினு, நைட்டிய தூக்கி சொருகிகினு நிக்கறேன். இத்தப் போய் புக்குல போட்டு ஊருக்கே காட்டிகீற. கொஞ்சம் வெட்டிப் போடத் தோணல உனக்கு?"

கோமளா, "வெட்ட மனசு வரலை எழிலு" என்றாள்.

"வேணும்னே பண்ணிட்டு இன்னா பேச்சு பேசற! எம் பொண்ணு தேவிப்பிரியா துபாய்லேர்ந்து வெள்ளத்துப் போட்டோ கேக்கறா. அவ மாமியாரு பாக்கும். நைட்டி தெரியாம வெட்டி இப்பவே அனுப்பு." உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

மறுக்க வழியில்லை. கோமளா லேப்டாப்பைத் திறந்து வெள்ளப் படத்துக்குப் போனாள். போன பிறகுதான் வெட்டியது நினைவுக்கு வந்தது. திரையில் அன்னக்கூடையும் ஒரு கையும்.

எழிலரசி கிட்டே குனிந்தாள். "இது என் வளையலாச்சே. நான் எங்கடி?"

கோமளா பதறிப்போய் மேலே இருந்த பொத்தான்களில் ஏதேதோ அமுக்கினாள். ஒன்றில், பழையபடி ஆக்கு என்றிருந்தது. படம் ஒரு முறை சிமிட்டியது. துண்டும் நைட்டியும் திறந்த வாயுமாக எழிலரசி தண்ணீரில் எழுந்து நின்றாள்.

எழிலரசி திரையைப் பார்த்தாள். பிறகு கோமளாவைப் பார்த்தாள்.

"அடுத்த படத்தக் காட்டு" என்றாள்.

கோமளா காட்டினாள். கம்பம் வந்தது. அமுக்கினாள். கொடி வந்தது, எழிலரசி வந்தாள். அடுத்தது, அதற்கும் அடுத்தது. அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடிக்கும்வரை எழிலரசி எழுந்திருக்கவில்லை. அவ்வளவு நேரமும் அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் கோமளாவுக்குத் தாங்க முடியவில்லை. கடைசியில் எழிலரசி சொன்னாள்: "பச்சையப்பன் தோளயும்ல எத்துட்ட, பாவம்." சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். கோமளாவுக்கும் அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது.

மகளுக்கு மெயில் அனுப்பப் போனால் மறுபடி அதே உருண்டை. ஆசிக்கிடம்தான் போக வேண்டும் என்று கோமளா சொல்லிக்கொண்டிருக்கும்போதே, எழிலரசி விரலை வைத்து, படம் இணைக்கத் திறந்திருந்த சின்ன ஜன்னலின் இடது ஓரப் பட்டியலைக் கீழே இழுத்துவிட்டாள். அடியில் போட்டோஸ் என்று தனியாக ஒன்று இருந்தது. தொட்டதும் எல்லாப் படமும் வரிசையாக வந்தன. துணிப்பையும் பஸ்ஸும் பென் டிரைவும் கோமளாவின் நினைவில் ஓடின. அவள் அதை வெளியே சொல்லவில்லை.

அடுத்த மாதமே மோட்டார் நேரத்தில் இருவருக்கும் மறுபடி முட்டிக்கொண்டது. பேச்சு நின்றது. இந்த முறை கோமளா எதையும் வெட்டவில்லை; எழிலரசி நிற்கிற பக்கம் போனைத் திருப்புவதை நிறுத்திக்கொண்டாள். எழிலரசிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. ஒவ்வொரு விழா முடிந்ததும் தானே எடுத்த செல்பிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறாள். கூடவே குரல் பதிவு ஒன்றும் வரும்: "உன் பொட்டில ஏத்தி வை. அங்க போனா எதுவும் போவாது."

கோமளா பதில் போடுவதில்லை. ஆனால் ஏற்றிவைத்துவிடுகிறாள்.