வைட்டமினுக்கு வசூலா?

எங்கள் தையல் கடையில் துணி வெட்டுகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வருஷமாகக் கத்தரி பிடித்த கை. நான் அவர் மேஜைக்குப் பக்கத்து மெஷினில் தைக்கிறவன்.

ஒரு மதியம் அவர் அளவெடுக்கும் அறைக்கு நடந்து போகும்போது தரையில் சிவப்பாக ஏதோ சொட்டு சொட்டாகத் தெரிந்தது. சாயம் கொட்டிவிட்டது என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் ரத்தம்.

“மாஸ்டர், காலைத் தூக்குங்க!”

தூக்கினார். குதிகாலில் ஒரு மெஷின் ஊசி பாதிக்கு மேல் ஏறியிருந்தது. சொட்டுகளைப் பின்தொடர்ந்து போனேன். வாசலைத் தாண்டி, டீக்கடை வரைக்கும் போயிருந்தன. ஊசியோடு டீ குடிக்கப் போய்த் திரும்பியும் வந்திருக்கிறார் மனிதர். இடுக்கியால் பிடுங்கினோம். அலறியது நாங்கள்தான். அவர் யாரோ ஒருத்தர் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வலிக்கலையா மாஸ்டர்?”

“இல்லடா. ஏறினதே தெரியல.”

சர்க்கரை வியாதியாக இருக்கும் என்று பரிசோதித்தார்கள். சர்க்கரை சரியாக இருந்தது. அப்பாடா என்று எல்லோரும் அதை மறந்தே போனோம். ஆனால் அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம் ஆரம்பித்தது. நடை தள்ளாடியது. சாக்கட்டியால் போட்ட கோடு கோணிக்கொண்டு போனது. பேச்சு குழறியது. ஒரு கல்யாண மாப்பிள்ளையின் கோட்டுக்குக் கையை இரண்டு அங்குலம் குறைத்து வெட்டிவிட்டார். அன்றைக்குத்தான் முதலாளி வெடித்தார்.

“வேலை நேரத்துல குடிச்சிட்டு வர்றவனுக்கு இங்க இடமில்ல!”

“முதலாளி, நான் இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துட்டுத்தான் குடிப்பேன்...”

யாரும் சிரிக்கவில்லை. நான் அவர் சட்டையில் ஒட்டியிருந்த நூலை எடுக்கிற சாக்கில் கிட்டே போய் அவர் மூச்சை மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் அவர் தன் கத்தரியைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார்.

அவர் மனைவிதான் விடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். அங்கே ஒரு பெண் டாக்டர், “காலைச் சேர்த்து வெச்சு, கண்ணை மூடி நில்லுங்க” என்றார். கண்ணை மூடின மறு நொடி மாஸ்டர் அப்படியே சாய்ந்தார். நர்ஸ் மட்டும் பிடிக்காவிட்டால் மண்டை உடைந்திருக்கும்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. “உங்க உடம்புல பி-12 வைட்டமின் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. நரம்பெல்லாம் அதனாலதான் கெட்டுப்போயிருக்கு.”

“வைட்டமினா? அவ்வளவுதானா?” மனைவிக்கு நம்பவே முடியவில்லை. “நான் நல்லாத்தானேம்மா ஆக்கிப் போடுறேன்?”

“உங்க சமையல்ல குறை இல்லம்மா. இவர் வயிறு அதை உள்ள இழுத்துக்க மாட்டேங்குது. ஊசியாப் போட்டாத்தான் சேரும். ஆயுசு பூரா போடணும். இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா சக்கர நாற்காலிதான்.” டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்: “கூடப்பிறந்தவங்க யாருக்காவது இந்தத் தள்ளாட்டம், மறதி ஏதாவது உண்டா? இது குடும்பத்துல வரக்கூடியது.”

“இல்லம்மா” என்றார் மாஸ்டர்.

பஸ்ஸில் திரும்பும்போது பாதி வழியில் எழுந்து நின்றுவிட்டார். “ஐயோ, அக்கா!”

அக்காவுக்கு ஐம்பத்தெட்டுதான் வயது. டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்தபோது நூற்றுக்கணக்கான நம்பர்களைத் தலைகீழாகச் சொல்லுவாராம். மூன்று வருஷமாக எல்லாம் போய்விட்டது. அடுப்பை எரியவிட்டுத் தெருவில் இறங்கி நடப்பார். பெற்ற மகளையே “நீங்க யாரு?” என்பார். மகள் அவரை அறையில் வைத்து வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

“மூளை சுருங்கிப்போச்சுன்னு சொல்லிட்டாங்க மாமா. இனிமே எதுக்கு அம்மாவைக் குத்திக்கிட்டு?”

“ஒரே ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துடுவோம்மா.”

அக்காவின் பி-12 அளவு மாஸ்டருடையதைவிடக் கீழே இருந்தது. டாக்டரே நம்பாமல் இன்னொரு முறை எடுக்கச் சொன்னார். அதே அளவு.

ஊசி போட ஆரம்பித்த ஐந்தாவது வாரம் அக்கா தன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அதற்கடுத்த வாரம், “என்னை எதுக்குடி பூட்டுற?” என்று கேட்டார். மகள் பூட்டைக் கையில் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மாஸ்டருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஒரு நாள் காலையில் மாஸ்டர் அங்கே இருக்கும்போது அக்கா தன் மகளிடம் சாதாரணமாகக் கேட்டார்: “அப்பா எங்கடி? இன்னும் வரலையா?”

அக்காவின் கணவர் இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மாரடைப்பு. அன்றைக்கு அக்கா அவர் உடலின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். துக்கத்துக்கு வந்தவர்களையெல்லாம் “வாங்க வாங்க” என்று சிரித்துச் சிரித்துக் கூப்பிட்டார். அதில் ஒன்றுகூட அவர் நினைவில் இல்லை. மாஸ்டர்தான் வாயைத் திறந்து சொன்னார். சொல்லி முடித்ததும் அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

அங்கிருந்து மாஸ்டர் நேராக என் வீட்டுக்கு வந்தார். எல்லாவற்றையும் சொன்னார். என்னால் தாங்க முடியவில்லை. நானும் அவர் மூச்சை மோந்து பார்த்ததைச் சொல்லிவிட்டேன்.

“தெரியும்டா. மோந்து பார்த்தது பரவாயில்ல. பார்த்துட்டு சும்மா இருந்தே பாரு...”

டாக்டரிடம் போய்ச் சண்டையே போட்டிருக்கிறார். மூணு வருஷமா ஒருத்தர் கண்ணுக்கும் இது எப்படித் தெரியாமப் போச்சு என்று. “யாரும் தேடல மாஸ்டர். எத்தனை பேருக்கு இருக்குன்னு எங்களுக்கே சரியாத் தெரியாது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டா, வைட்டமினுக்கான்னு கேட்டுச் சிரிக்கிறாங்க” என்றாராம் அவர்.

அந்த மாதம் தையல்காரர் சங்கக் கூட்டத்தில் மாஸ்டர் எழுந்தார். மேடை ஏறிப் பழக்கமில்லாதவர். செருப்பைக் கழற்றிக் குதிகாலைக் காட்டினார். ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட வேண்டும் என்றார்.

“வைட்டமினுக்கு வசூலா? அடுத்தது பல்பொடிக்கா மாஸ்டர்?” என்றான் ஒருவன். கூடமே சிரித்தது. எங்கள் முதலாளியும்தான்.

மாஸ்டர் அக்காவின் கதையைச் சொன்னார். பூட்டையும் சொன்னார், அந்தச் சிரிப்பையும் சொன்னார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். “இங்க யாருக்காவது கால் மரத்துப்போகுதா?” என்று கேட்டார். ஒரு கை எழுந்தது. இன்னொன்று. பெடல் மிதித்து மிதித்து அப்படி ஆகிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். எழுபது பேரில் பதினோரு கை நின்றது.

வெட்டு மீதித் துணியில் பை தைத்தோம். ‘கால் மரத்துப்போகுதா? நாக்கு எரியுதா? மறதியா? ரத்தம் பாருங்க’ என்று அச்சடித்து ஒவ்வொரு கடையிலும் வைத்து விற்றோம். கிடைத்ததெல்லாம் டாக்டரின் ஆராய்ச்சிக்குப் போனது. அதில் முதல் பரிசோதனையே சங்கக் கூடத்தில் எங்களுக்குத்தான். பதினாலு பேருக்குக் குறைவு. அதில் ஒருத்தி, காலர் தைக்கிற பெண், இருபத்தாறே வயது. பட்டியலை டாக்டர் படிக்கப் படிக்க நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

முதலாளி மாஸ்டரைத் திரும்பக் கூப்பிட்டார். “வர்றேன். ஆனா நான் குடிக்கலைன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும்” என்றார் இவர். முதலாளி சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. மாஸ்டரின் கால் மரமரப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. பார்த்துப் பார்த்துத்தான் அடி வைக்கிறார்.

போன வாரம் பஸ் டிப்போவில் பரிசோதனை. பெயர் எழுதும் மேஜையில் உட்கார்ந்திருந்தது அக்கா. எழுத்து கொஞ்சம் நடுங்குகிறது. ஒரு டிரைவர், “எனக்கு ஒண்ணுமில்லம்மா, லேசா மறதி, வயசாகுதில்ல?” என்று நழுவப் பார்த்தார்.

அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “உட்காருங்க தம்பி. சட்டைக் கையை மடிச்சு விடுங்க.”