ராஜமாணிக்கம் அண்ணனின் வெறும் வயிற்று ஏப்பம்

ராஜமாணிக்கம் அண்ணன் போய்விட்டார்… இன்று காலையில்.

மாலை போட்டுவிட்டு நிமிர்ந்தால் பாதித் தெரு என்னைத்தான் முறைக்கிறது. "இந்தப் பயதான் ஊர் ஊரா கூட்டிட்டுப் போயி தின்ன வச்சே அனுப்பிச்சுட்டான்" என்று ஒரு பெரியம்மா என் காதில் விழுகிற மாதிரியே சொல்கிறார்.

அடப்பாவிகளா… நடந்தது என்னவென்று எனக்குத்தான் தெரியும்.

அண்ணன் அரியலூர் லாரி புக்கிங் ஆபீஸில் எனக்கு சீனியர். எந்த ரோட்டோரத்தில் புதுசாக அடுப்பு மூட்டினாலும் சிமெண்ட் லாரி டிரைவர்கள் முதலில் அவரிடம்தான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

இதில் ஒரே ஒரு சிக்கல். அவருக்கு கிட்னி கோளாறு. டாக்டர் உப்பை அறவே நிறுத்தச் சொல்லிவிட்டார். வெளிச் சாப்பாட்டை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது.

கடையில் உட்கார்ந்ததும் ஆர்டர் மட்டும் கம்பீரமாக வரும். "எனக்கு அரை கிளாஸ் சுடுதண்ணி. இவனுக்கு ரெண்டு புரோட்டா, ஒரு ஈரல் வறுவல், சால்னா தனியா."

நான் தின்பேன். அவர் பார்ப்பார். சும்மா பார்த்தால் பரவாயில்லையே… கமெண்ட்ரி வேறு கேட்பார்.

"எப்படிடா இருக்கு?"

"சூப்பர்ண்ணே."

"சூப்பர்னா? நீ என்ன சினிமாவா பாத்துட்டு வந்த? காரம் நுனி நாக்குல நிக்குதா, தொண்டைக்குப் போயி அடிக்குதா? அதச் சொல்லுடா வெங்காயம்."

கல்லங்குறிச்சி ரோட்டுக் கடை ஒன்றில் நான் பசியில் அள்ளிப் போட்டுக்கொண்டதற்கு, "மெதுவா தின்னுடா, எனக்கு விக்குது" என்றாரே மனுஷன்!

லப்பைக்குடிக்காட்டில் சவுதியிலிருந்து திரும்பிய பாய் ஒருத்தர், மந்தி என்கிற அரபு நாட்டு பிரியாணிக்குக் கடை திறந்திருந்தார். பெரிய தட்டு நிறைய சோறு, மேலே முழுக் கோழிக்கால். நான் ரெண்டு வாய்தான் வைத்திருப்பேன்.

"பாய், கிராம்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார் அண்ணன்.

"யா அல்லாஹ்… நீங்க ஒரு பருக்கை கூட வாயில வைக்கலையே சார்!"

"இவன் மூஞ்சியப் பாருங்க. கிராம்பு கடிச்ச மூஞ்சியா இல்லையா?"

பாய் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போய் மாஸ்டரைத் திட்டினார். உண்மையாகவே கிராம்பைத்தான் கடித்திருந்தேன்.

அப்புறம் ஒருநாள் அண்ணி எனக்கு போன் போட்டுக் காய்ச்சி எடுத்தார்கள். "ஏன் தம்பி, நான் உப்பில்லாம ஆக்கிப் போட்டு இந்த மனுசனக் காப்பாத்திட்டு இருக்கேன். நீ கூட்டிட்டுப் போயி நல்லி எலும்ப உறிய வைக்கிறியா? நீயெல்லாம் நல்லா இருப்பியா?"

எனக்குத் தலை சுற்றிவிட்டது. நல்லி எலும்பு தின்றது நானல்லவா!

அண்ணனைப் பிடித்துக் கேட்டேன். சிரிக்கிறார்.

"அவளும் உப்ப விட்டுட்டாடா. எனக்கு ஆக்குறதையே அவளும் தின்னுட்டு, எலும்பும் தோலுமா ஆயிட்டா. சொன்னாக் கேக்க மாட்டேங்கிறா. நான் வெளிய வெட்டிட்டு வரேன்னு தெரிஞ்சாத்தான் அவளுக்குக் கோவம் வரும். நேத்து கோவத்துல அவளுக்கு மட்டும் விரால் மீன் கொழம்பு வச்சுத் தின்னுட்டாடா! ஜெயிச்சுட்டேன்!"

அன்றிலிருந்து இது ஒரு நாடகமாகவே நடந்தது. கிளம்பும்போது என் இலையிலிருந்து சால்னாவை ரெண்டு விரலால் தொட்டுச் சட்டைக் காலரில் தடவிக்கொள்வார். "சாட்சி வேணும்லடா." வீட்டு வாசலில் நின்று ஒரு ஏப்பம் விடுவார் பாருங்கள்… வெறும் வயிற்று ஏப்பம். தெருவே திரும்பிப் பார்க்கும்.

உள்ளே போய் உப்பில்லாச் சாப்பாட்டையும் ஒரு பிடி பிடிப்பார். "இந்த மனுசனுக்கு இருக்கறது வயிறா, சாக்கா?" என்று அண்ணி கத்துவது எனக்கு ரோடு வரைக்கும் கேட்கும்.

போன ஞாயிறு வரதராஜன்பேட்டைப் பக்கம் ஒரு புதுக் கடை. ருசியை நான் பாதிதான் சொல்லியிருந்தேன். "போதும்டா, வயிறு நெறஞ்சிருச்சு" என்று எழுந்துவிட்டார். அப்போதே எனக்கு மனசு சரியில்லை.

இன்றைக்குத் தூக்குவதற்கு முன்னால் அண்ணி என்னைக் கூப்பிட்டார்கள். கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் என் மேல் இருக்கிற பழி போய்விடும். அவர் எதையும் தின்னவே இல்லை அண்ணி… வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"கடைசியா என்னத்தத் தின்னாரு தம்பி?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"நல்லி எலும்பு அண்ணி. ரெண்டு."

"ரெண்டா?"

"மூணாவதும் கேட்டாரு. நான்தான் ஒடம்புக்கு ஆவாதுன்னு தடுத்துட்டேன்."

அண்ணி என் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டார்கள்.

"வாய் விட்டுக் கேட்டாருல்ல… வாங்கிக் குடுத்தா என்னடா கொறஞ்சு போயிருவ?"

அதற்கப்புறம் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து அழுதேன்.

அண்ணியிடம் பட்டன் போன்தான், இந்தப் பதிவைப் பார்க்க மாட்டார்கள். நம்ம ஆபீஸ் மக்களே, வீட்டுக்குப் போய் யாரும் உளறிவிடாதீர்கள். கேட்டால், மனுஷன் ஒரு கட்டு கட்டுவார் என்றே சொல்லுங்கள். பழி என்னோடு இருக்கட்டும்.

போயிட்டு வாங்கண்ணே… போற எடத்துல புதுக் கடை இருந்தா, நீங்களே உக்காந்து தின்னுங்க.