புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

சுபாங் ஜெயாவில் ஒரு தீபாவளி விருந்தில், சுவரில் மாட்டியிருந்த பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கண்டதும் புளியும் செங்கல் தூளும் கலந்த வாடை என் மூக்கில் ஏறியது.

கிள்ளான் ரப்பர் தோட்டத்துப் பெரிய கிராணியின் துப்பாக்கி அது. துரை விட்டுப்போன அதை வைத்துக்கொண்டு அவர் ஒரு காக்காயைக்கூடச் சுட்டதில்லை. ஆயுத பூஜைக்கு முதல் நாள் மட்டும், இன்று கொண்டோ அடுக்குமாடி நிற்கும் இடத்தில் அன்றிருந்த அவருடைய பங்களாவின் கிணற்றடிக்குக் குத்துவிளக்குகளோடு அதுவும் வந்து சேரும். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் செய்த குழல் முழுக்க நீரோடிய மணல்போல் நெளிந்த வரிகளை, இங்கிலீஷில் கணக்கெழுதிய அந்த மேதை துரு என்று நினைத்தார். நாற்காலியை விட்டு எழாமல், "துரு போற வரைக்கும் தேய்" என்பார். வீட்டுவேலை செய்த என் அம்மா, வருஷா வருஷம், குழலில் கிராணியின் முகம் தெரியும்வரை தேய்த்தார்.

விருந்து கொடுத்த கிராணியின் மகன், நான் யாரென்று அறியாமல், துப்பாக்கியை இறக்கிக் காட்டினார்.

"டமாஸ்கஸ் ஸ்டீல், அக்கா. அழகான டிசைன் இருந்துச்சாம். வேலைக்காரி ஒருத்தி தேய்ச்சே கெடுத்துட்டா. அறிவில்லாத ஜென்மம்."

இரு குழல்களையும் இணைத்து நடுவில் ஓடிய பட்டையின் ஓரத்தில், அம்மாவின் விரல் நுழையாத இடுக்கில், அந்த நெளிவு நூலளவு மிச்சமிருந்தது. நகத்தால் தொட்டுக் காட்டினேன்.

"அது துரு, அக்கா. ஆள் வச்சுத் தேய்க்கணும் லா."

"நல்லாத் தேய்க்கச் சொல்லுங்க, தம்பி" என்றேன்.