முப்பத்தாறாவது விதை

எரியோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில், எண்ணெய் வித்து ஆராய்ச்சித் திட்டத்தில் நான் உதவியாளர். பயிர் ஆமணக்கு. கதிர்வீச்சு பட்ட விதைகளை விதைத்து, அவற்றின் வாரிசுகளில் எந்தச் செடியின் விதையில் எண்ணெய் கூடியிருக்கிறது என்று தேடுவதுதான் வேலை. பூ விரியுமுன்பே குலைக்கு வெள்ளைக் காகித உறை மாட்டி அடியில் கட்டிவிடுவோம். வேறு செடியின் மகரந்தம் புகுந்துவிட்டால் விதைக்குத் தகப்பன் யாரென்று தெரியாமல் போய்விடும்.

காற்றடித்தால் ஆளுயரச் செடிகள் முக்காடு போட்டுக்கொண்டு தலையாட்டும். "இது காடா தாயி, இல்ல பேய்க கூடிப் பஞ்சாயத்துப் பேசுற எடமா?" என்பார் களையெடுக்க வரும் அக்கா. சிரிப்பேன். திரும்பி நடக்கும்போது முதுகு கூசும்.

அங்கன்வாடி விடுமுறை நாளொன்றில் என் மகளைப் பண்ணைக்குக் கூட்டிப்போனேன். அவளுக்கு இரண்டரை வயது. வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"எல்லாரும் ஏம்மா மூஞ்ச மூடிக்கிட்டாங்க?"

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தேன்.

அந்தப் பருவத்தில் நாற்பத்தேழாம் செடியில்தான் எண்ணெய் மிகுந்திருந்தது. உறை போடாத குலையின் விதைகளைச் சோதித்துத் தெரிந்துகொண்டோம். உறைக்குள் இருந்த குலையில் பன்னிரண்டு காய்தான் பிடித்திருந்தது. அறுத்த வாரம் மழை. காயவைக்கும் கொட்டகை ஒழுகியது. பூஞ்சணம் பிடித்தால் அத்தனையும் போய்விடுமே என்று, அந்தக் குலையை உறையோடு திண்டுக்கல்லுக்கு, எங்கள் வாடகை வீட்டுக்கு எடுத்துவந்தேன். பின்னறை ஜன்னல் கம்பியில் கட்டிக் கதவைச் சாத்தினேன். காய்ந்த ஆமணக்குக் காய் வெடித்து விதையை வீசும் என்பது எனக்குத் தெரியாததல்ல. உறைதான் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். மழையில் ஊறி அது கிழிந்திருந்ததைக் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் சுள்ளென்று வந்தது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மகள் வந்து சேலையை இழுத்தாள்.

"அம்மா, ரூமுக்குள்ள யாரோ தட்டுறாங்க."

"யாருமில்லடா தங்கம். காத்து."

கூடத்திலிருந்து கணவர் சிரித்தார். "ஒன் மக இப்பவே கத விட ஆரம்பிச்சிட்டா."

வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வீடு அமைதியாக இருந்தது. அப்போது எனக்கும் கேட்டது. டப். செத்த நேரம் கழித்து, டப்.

பின்னறைக் கதவு திறந்திருந்தது. ஜன்னலுக்குக் கீழே தரையில் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிலும், ரத்தம் குடித்துப் பருத்த உண்ணிகளைப் போலப் பளபளவென்று விதைகள். நான் பார்க்கும்போதே மேலே ஒரு காய் வெடித்து, ஒரு விதை அவள் மடியில் விழுந்தது. அவள் திடுக்கிடவில்லை. தொங்கும் உறையை அண்ணாந்து பார்த்தாள்.

"குடுக்குறாங்க," என்றாள்.

ஒரு காயில் மூன்று விதை. பன்னிரண்டு காய்க்கு முப்பத்தாறு. கட்டிலைப் புரட்டி, பாயை உதறி, வெடிக்காத காய்களையும் உடைத்து எண்ணினோம். முப்பத்தைந்து. மீண்டும் எண்ணினேன். முப்பத்தைந்து.

"ஒண்ணுதான? எங்கயாச்சும் உருண்டிருக்கும்," என்றார் கணவர்.

"ஒண்ணு போதும்," என்றேன்.

விளக்கெண்ணெயில் விஷமில்லை. விதையிலிருக்கும் விஷம் பிழிந்தபின் பிண்ணாக்கில் தங்கிவிடும். முழு விதையில் இரண்டும் இருக்கிறது.

"சாப்டியாம்மா?" என்று கேட்டேன். தலையாட்டினாள். "சாப்டலியா?" அதற்கும் தலையாட்டினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "கடிச்சாளா, முழுங்குனாளா? ஓடு உடையாம உள்ள போயிருந்தா பெரும்பாலும் அப்படியே வெளிய வந்துரும்." சொல்லத் தெரியவில்லை. இந்த விதையில் விஷம் எவ்வளவு இருக்கும் என்றும் கேட்டார். அதுவும் தெரியவில்லை. நாற்பத்தேழுக்கு என்று எங்கள் பதிவேட்டில் இருந்ததெல்லாம் எண்ணெயின் அளவுதான். எண்ணெயோடு வேறெதுவும் கூடியிருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். அவளுக்கு வாந்தி இல்லை, வலி இல்லை. படுத்தபடி கட்டில் கம்பியை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தட்டு. செத்த நேரம் கழித்து இன்னொன்று. அதே இடைவெளி. கையைப் பிடித்து நிறுத்தினேன். விட்டதும் மறுபடி தட்டினாள்.

இரண்டாம் நாள் மதியம் விதை வெளியே வந்தது. முழுசாக, ஒரு கீறல்கூட இல்லாமல். கணவர் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். நான் அழவில்லை. அதைக் கழுவி, காகிதத்தில் மடித்தேன். குப்பையில் போடத்தான் மடித்தேன் என்று நினைக்கிறேன்.

மறுநாள் பண்ணையில், அந்த முப்பத்தைந்தோடு சேர்த்துப் போட்டு, கவரின் மேல் முப்பத்தாறு என்று எழுதினேன். நாற்பத்தேழின் விதைதானே அதுவும்? பிறப்பில் ஐயமில்லையே? இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை.

முப்பத்தாறும் முளைத்தன. இப்போது என் உயரத்தைத் தாண்டிவிட்டன. எது அது என்று தெரியாது. உறை மாட்டும்போது ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றுவிடுகிறேன்.

"என்ன தாயி, ஒவ்வொருத்தர்கிட்டயா நின்னு சொகம் விசாரிக்கிறீக?" என்கிறார் அக்கா.

மகள் நன்றாக இருக்கிறாள். அங்கன்வாடி இல்லாத நாட்களில் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன். பண்ணைக்குக் கூட்டிவருவதில்லை. வந்தால், யோசிக்காமல் நேரே நடந்துபோய் ஒரே ஒரு செடியைத் தொட்டுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.